அரிசி மூட்டை அறையில் பதிவான கதைகள்: ஒன்பதாம் வகுப்பில் ஒரு டிஜிட்டல் கதைசொல்லல் முயற்சி

பின்னணி

தூத்துக்குடி மாவட்டத்தில் தாமிரபரணிக் கரையை ஒட்டிய ஓர் அரசு உயர்நிலைப் பள்ளி. ஒன்பதாம் வகுப்பில் 34 பேர். பெரும்பாலும் வாழைத் தோட்டத்திலும் வயலிலும் கூலி வேலை பார்க்கிற குடும்பங்கள். சில வீடுகளில் ஆடு உண்டு. சிலருடைய அப்பா வெளியூரில் கடை வேலை. நான் அங்கே சமூக அறிவியல் எடுக்கிறேன். இங்கே எழுதுவது 2024 ஜூன் முதல் டிசம்பர் வரை நடந்தது. ஆட்கள் யார் என்று தெரியாமலிருக்கச் சில அடையாளங்களை விட்டுவிட்டேன்.

2023 டிசம்பர் 17, 18 தேதிகளில் எங்கள் பக்கம் பெய்த மழையைப் பலர் மறந்திருக்க மாட்டார்கள். காயல்பட்டினத்தில் மட்டும் 24 மணி நேரத்தில் 95 சென்டிமீட்டர். திருச்செந்தூரிலிருந்து சென்னைக்குக் கிளம்பிய ரயில் சுமார் 800 பயணிகளோடு ஸ்ரீவைகுண்டத்தில் சிக்கிக்கொண்டது நாடு முழுக்கச் செய்தியானது. எங்கள் பிள்ளைகளின் ஊர்கள் எந்தச் செய்தியிலும் வரவில்லை. தண்ணீர் வந்தது, நின்றது, வடிந்தது. பொங்கல் முடிந்து பள்ளி பழைய நிலைக்குத் திரும்பியபோது சுவர்களில் இடுப்பளவுக்கு ஒரு பழுப்புக் கோடு மட்டும் மிச்சம் இருந்தது.

ஒன்பதாம் வகுப்புப் புவியியலில் பேரிடர் மேலாண்மை பற்றி ஒரு பாடம் உண்டு. வெள்ளம் வடிந்த இரண்டு மாதத்தில், அப்போதைய ஒன்பதாம் வகுப்புக்கு அதை நடத்திக்கொண்டிருந்தேன். வெள்ளம் வந்தால் உயரமான இடத்துக்குப் போய்விட வேண்டும் என்று சொன்னபோது கடைசி பெஞ்சிலிருந்து ஒரு பையன் கேட்டான்: “உசரமான எடம் யாரு வீட்ல சார் இருக்கு?” வகுப்பே சிரித்தது. நானும் சிரித்துவிட்டு அடுத்த பத்திக்குப் போய்விட்டேன். அது எவ்வளவு பெரிய கேள்வி என்பது எனக்கு உறைக்க இன்னும் எட்டு மாதம் ஆனது.

ஏன் இந்த முறை

அடுத்த கல்வியாண்டில் இதே பாடத்தைப் பிள்ளைகளின் அனுபவத்திலிருந்து தொடங்க நினைத்தேன். டிஜிட்டல் கதைசொல்லல் பற்றி ஒரு பயிற்சியில் கேட்டிருந்தேன். 1990களில் கலிஃபோர்னியாவில் ஜோ லாம்பர்ட்டும் டேனா ஆட்ச்லியும் அவர்களோடு இருந்தவர்களும் பட்டறைகள் நடத்தி உருவாக்கிய வழி அது. சொந்த வாழ்க்கையிலிருந்து ஒரு சிறு கதை. சொல்பவரே எழுதி, தன் குரலில் வாசித்து, தன்னிடம் உள்ள படங்களைக் கோத்து இரண்டு மூன்று நிமிடப் படமாக்குவது. முதலில் எல்லோரும் வட்டமாக உட்கார்ந்து கதையைச் சொல்வார்கள். அப்புறம் சுமார் 250 சொற்களில் எழுத்துப் பிரதி. அப்புறம் குரல் பதிவு, படத்தொகுப்பு.

எங்களிடம் இருந்தவை: ஹைடெக் லேபில் ஓடுகிற நிலையில் ஏழு கணினிகள், என்னுடைய கைபேசி, உடன் பணிபுரியும் இரண்டு பேரின் கைபேசிகள். மாணவர்கள் பள்ளிக்குக் கைபேசி கொண்டுவரக் கூடாது என்பதால் அவர்களின் வீட்டுக் கைபேசிகளைக் கணக்கில் சேர்க்கவில்லை. வெள்ளிக்கிழமை கடைசி இரண்டு பாடவேளைகளைத் தலைமை ஆசிரியர் ஒதுக்கிக் கொடுத்தார்.

ஜூலை: எழுதச் சொன்னதும் கதை காணாமல் போனது

கதை வட்டம் நன்றாகவே போனது. முதல் வெள்ளிக்கிழமை யாரும் வாயைத் திறக்கவில்லை. இரண்டாவது வாரம் ஒருவன் தன் வீட்டு அண்டா மிதந்து போய்ப் பக்கத்துத் தெரு வேப்ப மரத்தில் தொங்கியதைச் சொன்னான். அப்புறம் நிறுத்த முடியவில்லை.

அடுத்த வாரம் எழுதச் சொன்னேன். வந்த 34 தாள்களும் ஏறக்குறைய ஒரே தாள். “இயற்கையின் சீற்றத்தால் எங்கள் ஊர் பெரும் பாதிப்புக்குள்ளானது. மக்கள் சொல்லொணாத் துயரம் அடைந்தனர்.” அண்டாவைக் காணோம், வேப்ப மரத்தையும் காணோம். போன வாரம் சிரிக்கச் சிரிக்கச் சொன்ன அதே பையன் ‘உடைமைகள் வெள்ளத்தில் அடித்துச் செல்லப்பட்டன’ என்று எழுதியிருந்தான்.

தவறு பிள்ளைகளுடையது இல்லை. பேனாவை எடுத்தால் கட்டுரை நடைதான் வர வேண்டும் என்று ஒன்பது வருடம் பழக்கியது நாம்தான். பேசுகிற தமிழும் எழுதுகிற தமிழும் இவ்வளவு விலகி நிற்கிற ஒரு மொழியில், ‘முதலில் எழுது, பிறகு உன் குரலில் வாசி’ என்கிற வரிசை அப்படியே வேலை செய்யவில்லை. எழுதியதை வாசிக்கச் சொன்னதும் எல்லாக் குரலும் காலை வழிபாட்டில் செய்தி வாசிக்கிற குரலாகிவிட்டது. இன்னொன்றும் புரிந்தது. 250 சொற்கள் என்பது ஆங்கிலத்துக்கான கணக்கு. நம் சொற்கள் நீளம். எங்கள் பிள்ளைகள் இயல்பான வேகத்தில் பேசியபோது 150 சொற்களிலேயே ஒன்றரை நிமிடம் தாண்டியது.

ஆகஸ்ட்: வரிசையை மாற்றியது

பிரதியை ஓரமாக வைத்துவிட்டு முதலில் குரலைப் பதிவு செய்வது என்று முடிவெடுத்தேன். வகுப்பறையில் மின்விசிறிச் சத்தம், லேபில் கணினிகளின் இரைச்சல். பள்ளி முழுக்கத் தேடியதில் அமைதியான இடம் சத்துணவு அரிசி மூட்டைகள் அடுக்கி வைத்திருக்கிற அறைதான். சுற்றிலும் மூட்டை இருப்பதால் எதிரொலி சுத்தமாக இல்லை. காசு செலவழித்து ஸ்டுடியோ கட்டினாலும் இவ்வளவு நன்றாக வருமா என்பது சந்தேகம். கைபேசியை விமானப் பயன்முறையில் போட்டு, வாய்க்கு ஒரு சாண் தள்ளி, நேராக இல்லாமல் கொஞ்சம் பக்கவாட்டில் பிடிக்க வேண்டும். நேராகப் பிடித்தால் ‘ப’ வரும் இடமெல்லாம் காற்று வெடிக்கும். சத்துணவு அக்காதான் எங்கள் முதல் ரசிகர்.

இந்த ஆய்வின் மையத்தில் இருக்கிற மாணவி அப்போதுதான் வந்தாள். வகுப்பில் அதிகம் பேசாதவள். அவள் எழுதிய தாளில் ஆறு வரிதான் இருந்தது. ஒலி அளவைச் சரிபார்ப்பதற்காக, “காலையில என்ன சாப்பிட்ட, சொல்லு” என்று கேட்டேன். பழைய சோறு என்றாள். வெள்ளம் வந்த அன்றும் பழைய சோறுதான் என்றாள். அங்கிருந்து நிற்காமல் நான்கு நிமிடம் பேசினாள்.

இருட்டில் தண்ணீர் முற்றத்துக்கு வந்தது. ஆச்சியைத் தூக்கிக்கொண்டு அப்பா பக்கத்து மாடி வீட்டுக்கு ஓடினார். அந்த வீட்டுக் கேட் உடனே திறக்கவில்லை. எவ்வளவு நேரம் என்று தெரியாது, ஆனால் தண்ணீர் முழங்காலிலிருந்து தொடைக்கு வந்தது என்றாள். பிறகு திறந்தார்கள், தட்டட்டியில், அதாவது மொட்டை மாடியில், ஏறிக்கொண்டார்கள். அவள் மட்டும் நடுவில் திரும்ப ஓடி ஆடுகளை அவிழ்த்துவிட்டிருக்கிறாள். மூன்றில் இரண்டு அவிழ்ந்தது. மூன்றாவதின் கயிறு நனைந்து இறுகி, முடிச்சு அவிழவில்லை. இதை அவள் வீட்டில் சொன்னதில்லை. ஆடு தண்ணீரில் போய்விட்டது என்று மட்டும்தான் அவர்களுக்குத் தெரியும்.

பதிவு ஓடிக்கொண்டிருந்தது. முடித்ததும், “இதையே வச்சுக்கலாமா?” என்று கேட்டேன். தலையாட்டினாள். நான் அதைச் சம்மதம் என்று எடுத்துக்கொண்டேன்.

தமிழாசிரியையின் ஆட்சேபம்

குரல் பதிவுகளைக் கேட்ட தமிழாசிரியை ஒரு நியாயமான கேள்வியை வைத்தார். “இவ்வளவும் பேச்சுத் தமிழ். பத்தாம் வகுப்புப் பொதுத் தேர்வில் யார் இதற்கு மதிப்பெண் போடுவார்கள்?” இரண்டு நாள் வாதத்துக்குப் பிறகு ஒரு வழி கிடைத்தது. குரல் அவரவர் பேச்சில் இருக்கட்டும், திரையில் கீழே ஓடும் வரிகள் எழுத்துத் தமிழில் இருக்கட்டும். பேச்சை எழுத்தாக மாற்றுவது தமிழ் வகுப்பின் வேலை.

இந்தத் திட்டத்தில் நான் எதிர்பாராமல் கிடைத்த நல்ல விஷயம் இதுதான். ‘தட்டட்டி’யை என்ன செய்வது? மொட்டை மாடி என்று எழுதலாமா? ‘பொசுக்குன்னு தண்ணி ஏறிட்டு’ என்பதில் உள்ள ‘பொசுக்கென்று’ எழுத்தில் நிற்குமா, போகுமா? பிள்ளைகள் அதுவரை இலக்கணத்துக்காக இப்படிச் சண்டை போட்டு நான் பார்த்ததில்லை. குரல்வழித் தட்டச்சை முயன்றார்கள். அது ‘தட்டட்டி’யைத் ‘தட்டச்சு’ என்று எழுதி வைத்தது. கடைசியில் கையால்தான் அடித்தார்கள், தட்டட்டி தட்டட்டியாகவே நின்றது.

படம் இல்லாத கதைகள்

டிஜிட்டல் கதைக்குப் படம் வேண்டும். எங்கள் பிள்ளைகளிடம் படம் இல்லை. ஆல்பம் ஊறிப் போயிருந்தது, கைபேசிகள் தண்ணீரில் செத்திருந்தன. சிலர் யூடியூபிலிருந்து வெள்ளக் காட்சிகளை எடுத்து ஒட்டினார்கள். பார்த்தால் அது யாருடைய வெள்ளமோ. அவற்றை நீக்கச் சொல்லிவிட்டோம். மிச்சம் இருந்த பொருட்களைப் படம் எடுப்பது, இல்லாததை வரைவது என்று வைத்துக்கொண்டோம். சுவரில் இருந்த பழுப்புக் கோட்டின் மேல் கை வைத்து எடுத்த படம் பல கதைகளில் வந்தது. தம்பியின் கை, அம்மாவின் கை என்று அளவுதான் மாறும். இரண்டு நிமிடக் கதைக்கு 20 படம்கூட அதிகம் என்று தாங்களாகவே கண்டுபிடித்தார்கள். ஒரு பையன் கரண்ட் போன இடத்தில் ஆறு நொடி வெறும் கறுப்புத் திரை வைத்தான்.

பின்னணி இசைக்கு எல்லோருக்கும் ஏதாவது ஒரு சினிமாச் சோகப் பாட்டு வேண்டியிருந்தது. உரிமைப் பிரச்சினை ஒருபுறம், எல்லாக் கதையும் ஒரே கதையாகிவிடும் என்பது இன்னொருபுறம். வேண்டாம் என்றேன். தகரக் கூரையில் தண்ணீர் ஊற்றி மழைச் சத்தம் பதிந்தார்கள்.

34 பேரும் ஆளுக்கொரு படம் செய்வது ஏழு கணினியில் நடக்காது. குழுவுக்கு ஒரு கதை என்று முதலில் அறிவித்தேன். உடனே யார் வீட்டு நஷ்டம் பெரியது என்று ஓட்டெடுப்பு நடக்க ஆரம்பித்தது. அதைக் கைவிட்டு, விருப்பமுள்ளவர் தன் கதையைச் செய்யலாம், மற்றவர்கள் வரைய, பதிய, வரி அடிக்க உதவலாம் என்று மாற்றினேன். செப்டம்பர் கடைசியில் 11 கதைகள் ஏறக்குறைய முடிந்திருந்தன.

அக்டோபர்: ஒரு கதை வெளியே போனது

காலாண்டுத் தேர்வுக்கு முன் அரைகுறை வடிவங்களை ஆசிரியர்களுக்குப் போட்டுக் காட்டினோம். அந்த மாணவியின் கதை முடிந்ததும் அறையில் யாரும் பேசவில்லை. ஒரு சக ஆசிரியர் கோப்பைக் கேட்டு வாங்கினார். நான்தான் அனுப்பினேன். நல்ல எண்ணத்தில், ‘எங்கள் பிள்ளையின் படைப்பு’ என்று எழுதி, ஆசிரியர்களின் வாட்ஸ்அப் குழு ஒன்றில் அவர் போட்டார். விடுமுறையில் அது குழுவுக்குக் குழு தாவி ஊருக்கே வந்து சேர்ந்தது.

பள்ளி திறந்த அன்று காலை வழிபாட்டுக்கு முன்னால் மாணவியின் அப்பா வந்து நின்றார். சத்தம் போடவில்லை. போட்டிருந்தால் எனக்குக் கொஞ்சம் எளிதாக இருந்திருக்கும்.

“கேட்டு தெறக்கலன்னு பிள்ள சொல்லுதது நெசந்தான் சார். ஆனா நாளைக்கு மழ வந்தா நாங்க அந்த வீட்டுக்குத்தான போவணும்?”

எங்கள் ஊர்ப் பக்கம் யார் வீட்டு மாடியில் யார் ஏறலாம் என்பது வெள்ளத்துக்கு வெகு காலம் முன்பே தீர்மானமான விஷயம். அன்று அந்தக் கேட் தாமதமாகவாவது திறந்தது. அந்தத் தாமதத்தை நான் ஊர் முழுக்கக் கேட்க வைத்துவிட்டேன். அக்டோபர் பாதி முடிந்தால் வடகிழக்குப் பருவமழை.

இது எவ்வளவு கவனக்குறைவு என்று அன்றைக்குத்தான் வரிசையாகத் தெரிந்தது. மாணவியிடம் கேட்டது பதிவு அறையில் ஒரே ஒரு முறை, அதுவும் ஒலிச் சோதனை என்று சொல்லிப் பேச வைத்த பிறகு. பெற்றோரிடம் கேட்கவே இல்லை. கதையில் வருகிற மூன்றாம் மனிதர்களைப் பற்றி நினைத்துக்கூடப் பார்க்கவில்லை. 2023இல் நிறைவேறிய டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் 18 வயது நிரம்பாதவர் விஷயத்தில் பெற்றோர் ஒப்புதலைக் கேட்கிறது. சட்டம் இருக்கட்டும், ஒரு வீட்டில் நாற்காலி இரவல் வாங்கினால்கூடக் கேட்டுவிட்டுத்தானே வாங்குவோம்.

எடுத்த முடிவுகள்

தலைமை ஆசிரியர், நான், அப்பா, மாணவி நான்கு பேரும் அன்றே உட்கார்ந்தோம். முதலில் நான் மன்னிப்புக் கேட்டேன், மகளிடமும் அப்பாவிடமும் தனித்தனியாக.

கோப்பை அழிக்க முடியுமா என்று பார்த்தோம். அனுப்பியதை எல்லோரிடமிருந்தும் நீக்கும் வசதி வாட்ஸ்அப்பில் சுமார் இரண்டரை நாள்தான். அது தாண்டிவிட்டது. சக ஆசிரியர் ஒவ்வொரு குழுவிலும் எழுதிக் கேட்டு நீக்க வைத்தார். எவ்வளவு மிச்சம் இருக்கிறது என்று யாராலும் சொல்ல முடியாது.

அந்த மாடி வீட்டுக்காரரைப் போய்ப் பார்த்துப் பேசுகிறேன் என்றேன். தலைமை ஆசிரியர் தடுத்தார். பள்ளியிலிருந்து ஆள் போனால் சின்ன விஷயம் பஞ்சாயத்து ஆகிவிடும் என்றார். அப்பாவிடமே கேட்டோம். “நானே பேசிக்கிடுதேன் சார், நீங்க வராண்டாம்” என்றார். விட்டுவிட்டோம். அது சரியான முடிவு என்றுதான் இப்போதும் நினைக்கிறேன், ஆனால் பாரத்தை அவர் தலையில் வைத்துவிட்டு நான் வகுப்புக்குப் போனதும் உண்மை.

திட்டத்தையே நிறுத்திவிடலாம் என்பது தலைமை ஆசிரியரின் எண்ணம். இரண்டு வாரம் நிறுத்தி வைத்து, 11 பேரின் வீட்டிலும் பேசிவிட்டு முடிவு செய்யலாம் என்று கேட்டுக்கொண்டேன். எழுதப் படிக்கத் தெரியாத பெற்றோர் இருந்ததால் படிவம் மட்டும் போதவில்லை. கதையைப் போட்டுக் காட்டிய பிறகுதான் கையெழுத்தோ கைரேகையோ வாங்கினோம். மூன்று கேள்விகள் கேட்டோம். இந்தக் கதை வகுப்புக்குள் இருக்கலாமா? பள்ளியில் பெற்றோர் முன் போடலாமா? பள்ளிக்கு வெளியே போகலாமா? மூன்றாவதுக்கு எல்லோருக்கும் நாங்களே ‘இல்லை’ என்று எழுதிவிட்டோம்.

பிறகு நடந்தது

மாணவி கதையை விட்டுவிடுவாள் என்றுதான் நினைத்தேன். ஒரு வாரம் கழித்து, மறுபடி பேசலாமா என்று அவளே கேட்டாள். புதிய வடிவம் தட்டட்டியில் தொடங்குகிறது. கேட் இல்லை. முடிச்சு இருக்கிறது. வகுப்புக்கு மட்டும் போடலாம், பெற்றோர் கூட்டத்தில் வேண்டாம் என்றாள். அவள் அப்பாவுக்கு என் கைபேசியில் தனியாகக் காட்டினேன். பார்த்து முடித்ததும் சற்று நேரம் திரையையே பார்த்துக்கொண்டிருந்தார். “அந்த முடிச்சு நான் போட்டது” என்றார். வேறு எதுவும் சொல்லவில்லை.

நவம்பர் 14 அன்று எட்டுக் கதைகளைப் பள்ளியில் திரையிட்டோம். அண்டாக் கதைக்குத்தான் அதிகக் கைதட்டல். மீதி மூன்றும் வகுப்போடு நின்றன.

படிப்பில் என்ன மாற்றம் என்று கேட்டால், அரையாண்டுத் தேர்வில் சமூக அறிவியல் மதிப்பெண் ஏறவும் இல்லை, இறங்கவும் இல்லை. தமிழ்க் கட்டுரைகளில் மாற்றம் இருந்தது என்கிறார் தமிழாசிரியை. ‘சொல்லொணாத் துயரம்’ குறைந்து பெயருள்ள பொருட்கள் வரத் தொடங்கின என்கிறார். அது 34 பேரிலும் இல்லை. கதை செய்தவர்களிடமும், அவர்களுக்கு வரி அடித்துக் கொடுத்த சிலரிடமும்தான்.

இனி மாற்றுவது

குரல் முதலில், எழுத்து அப்புறம் என்கிற வரிசையை மாற்ற மாட்டேன். ஆனால் பதிவுக்கு முந்தைய வாரமே பெற்றோரிடம் பேசிவிடுவேன். ஒலிச் சோதனையில் வந்ததைக் கதையாக வைத்துக்கொள்ள மாட்டேன். மறுநாள் அவர்களையே கேட்க வைத்து, வேண்டுமென்றால் மட்டும் வைத்துக்கொள்வேன். கோப்பு பள்ளிக் கணினியில்தான் இருக்கும், யார் கைபேசிக்கும் போகாது, என்னுடையதுக்கும். கதையில் வேறு யாராவது வந்தால், ‘அவர் இதைக் கேட்டால் என்ன ஆகும்?’ என்ற கேள்வியை மாணவரே வட்டத்தில் பேச வேண்டும். பதில் ‘ஒன்றும் ஆகாது’ என்று வராத கதைகளும் உண்டு. அவற்றைச் சொல்ல விடுவதா, தடுப்பதா என்பதில் எனக்கு இன்னும் தெளிவில்லை. கேட் திறக்காததும் நடந்ததுதான்.

அந்தப் பழைய கேள்வியை, உயரமான இடம் யார் வீட்டில் இருக்கிறது என்பதை, டிசம்பரில் வகுப்பிலேயே எழுப்பினேன். பிள்ளைகள் தங்கள் ஊர்களின் வரைபடம் வரைந்து, எல்லோரும் ஏறக்கூடிய பொதுக் கட்டடங்களைக் குறித்தார்கள். ஒவ்வொன்றுக்கும் பக்கத்தில் சாவி யாரிடம் இருக்கிறது என்றும் எழுதினார்கள். எங்கள் பள்ளி மாடிச் சாவிக்கு நேரே ‘ஆத்துக்கு அக்கரை’ என்று இருந்தது. அதை வைத்திருக்கும் அலுவலக உதவியாளரின் வீடு அங்கேதான். அடுத்த வாரம் தலைமை ஆசிரியர் இன்னொரு சாவி செய்யக் கொடுத்தார். அது இப்போது சத்துணவு அக்கா வீட்டில் இருக்கிறது.